வெளிநாட்டில் சின்ன பைக்கில் ஒரு நாள் சுற்று: வழியில் வண்டி நின்றால் என்ன செய்வது?

110 முதல் 150 சிசி வரையிலான வண்டி ஒன்றை வாடகைக்கு எடுத்து, காலையில் கிளம்பி, இருட்டுவதற்குள் தங்குமிடம் திரும்பும் பயணத்துக்கான குறிப்புகள் இவை. இந்த ரக வண்டிகளில் வழியில் வரும் பழுதுகளில் பெரும்பாலானவை சின்னவை: பஞ்சர், பிளக், பேட்டரி, செயின். காலை பத்து மணிக்கு வந்தால் அரை மணி நேர வேலை. அதே பஞ்சர் மாலை ஐந்தரைக்கு, மொழி தெரியாத ஊரின் மலைப்பாதையில் வந்தால்தான் ஆபத்து. அதனால் கருவிப் பையைவிடக் கடிகாரம் முக்கியம். வண்டி இரண்டு மணி நேரம் நின்றுபோனாலும் வெளிச்சத்திலேயே திரும்பும்படி திட்டமிட்டுவிட்டால், மீதியெல்லாம் சமாளிக்கக்கூடியதே.

தூரத்தைக் கணக்கிடுவது

போனில் வரும் வரைபடம் சொல்லும் நேரத்தை நம்ப வேண்டாம். அது பெரும்பாலும் காருக்கான கணக்கு. சின்ன வண்டியில் டீ, படம், பெட்ரோல் எல்லாம் சேர்த்தால் சமவெளியில் மணிக்கு 35 கி.மீ., மலையில் 25 கி.மீ. என்பதே நடைமுறைச் சராசரி. மலைப்பகுதியில் ஒரு நாளைக்கு 120 முதல் 150 கி.மீ., நல்ல சமவெளிச் சாலையில் 200 கி.மீ. போதும். அதற்கு மேல் போனால் பின்னால் உட்கார்ந்திருப்பவருக்கு இடுப்பு போய்விடும், ஓட்டுபவருக்குக் கவனம் போய்விடும்.

சூரியன் மறையும் நேரத்தைப் பார்த்துப் பின்னோக்கிக் கணக்குப் போடுங்கள். ஆறு மணிக்கு மறைகிறது என்றால், நாலரைக்கு வண்டி தங்குமிட வாசலில் நிற்க வேண்டும். அப்படியானால் அதிகத் தொலைவான இடத்திலிருந்து பகல் பன்னிரண்டரைக்குள் திரும்பியாக வேண்டும். வெப்பமண்டல நாடுகளில் சூரியன் மறைந்து ஏறக்குறைய 20, 25 நிமிடத்தில் நல்ல இருட்டாகிவிடும். நீண்ட அந்திக்குப் பழகியவர்கள் இங்கேதான் ஏமாறுவார்கள். வாடகை வண்டிகளின் ஹெட்லைட்டை நம்பிக் குழி விழுந்த சாலையில் போவது வேண்டாத வேலை.

வட்டப் பாதையாகப் போவதென்றால் ஆளில்லாத, கடையில்லாத பகுதியைக் காலையிலேயே முடித்துவிடுங்கள். மாலைப் பாதி பெரிய சாலையில், ஊர்கள் அடுத்தடுத்து வரும் வழியில் இருக்கட்டும். வரைபடத்தை முந்தின இரவே போனில் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். வண்டி நிற்கும் இடத்தில் சிக்னலும் இருக்கும் என்று சொல்ல முடியாது.

உரிமம், காப்பீடு, பாஸ்போர்ட்

சர்வதேச ஓட்டுநர் அனுமதியை உங்கள் உரிமம் வழங்கப்பட்ட நாட்டிலேயே வாங்க வேண்டும். அசல் உரிமமும் கூடவே இருக்க வேண்டும். அனுமதி அட்டை மட்டும் செல்லாது. மோட்டார் சைக்கிளுக்கான பிரிவில் முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். கார் பிரிவில் மட்டும் முத்திரை இருந்தால் அந்த அட்டையால் பைக்குக்குப் பயனில்லை.

பலர் கவனிக்காத இன்னொன்று: இந்த அனுமதி அட்டைகள் 1949 ஜெனீவா ஒப்பந்தம், 1968 வியன்னா ஒப்பந்தம் என இரண்டு வகையில் வருகின்றன. வியட்நாம் 1968 வகையை ஏற்கும். 1949 அட்டை அங்கே செல்லாது. ஜப்பானில் நேர்மாறாக 1949 வகை மட்டுமே செல்லும். போகும் நாடு எதை ஏற்கிறது என்று முன்பே விசாரித்துக்கொள்ளுங்கள்; உங்கள் கையில் இருப்பது எது என்று அட்டையின் முகப்பிலேயே பார்த்துக்கொள்ளலாம்.

பயணக் காப்பீட்டில் ‘மோட்டார் சைக்கிள்’ என்ற பகுதியைத் தேடிப் படியுங்கள். மூன்று நிபந்தனைகள் அடிக்கடி வரும்: இன்ஜின் அளவுக்கு உச்சவரம்பு (பல பாலிசிகளில் 125 சிசி), அந்த நாட்டில் செல்லுபடியாகும் உரிமம், தலைக்கவசம். இவற்றில் ஒன்று குறைந்தாலும் ஆஸ்பத்திரிச் செலவு முழுக்க உங்கள் தலையில் விழலாம்.

பாஸ்போர்ட்டை ஈடாக விட்டுச் செல்ல வேண்டாம். நகலும் கொஞ்சம் முன்பணமும் கொடுக்கிறேன் என்று சொல்லுங்கள். ஒப்புக்கொள்ளாவிட்டால் அடுத்த கடைக்குப் போங்கள். வண்டியில் கீறல் விழுந்ததென்று தகராறு வந்தால், பாஸ்போர்ட் யார் கையில் இருக்கிறதோ அவர் சொல்வதுதான் விலை.

வண்டியை எடுக்கும் முன் பத்து நிமிடம்

முதலில் வீடியோ. வண்டியைச் சுற்றி வந்து எல்லாக் கீறலும், நம்பர் பிளேட்டும், ஓடிய கிலோமீட்டரும் தெரியும்படி எடுங்கள். கடைக்காரரின் போன் நம்பரையும், பதிவுச் சான்றின் நகலையும், காப்பீட்டுத் தாளையும் படமெடுத்து வையுங்கள். பழுதானால் யார் பணம் கொடுப்பது, எதற்குப் போன் செய்ய வேண்டும் என்று அப்போதே கேளுங்கள். பஞ்சர் வாடகைக்கு எடுத்தவர் செலவு, இன்ஜின் கோளாறு கடைக்காரர் செலவு என்பது பரவலான வழக்கம் என்றாலும் வாய்விட்டுக் கேட்டுக்கொள்வதே நல்லது.

பிறகு டயர். பட்டன் தேய்ந்து நடுப்பகுதி தட்டையாகியிருந்தாலோ, பக்கச் சுவரில் வெடிப்பு இருந்தாலோ வேறு வண்டி கேளுங்கள். டயருக்கு மட்டும் விட்டுக்கொடுக்கவே கூடாது. மழைச் சாலையில் வேறெந்தக் குறையையும்விட இதுதான் ஆளைக் கீழே தள்ளும். ‘டியூப்லெஸ்’ என்று டயரின் பக்கத்தில் அச்சிட்டிருந்தால் மட்டும் போதாது. கம்பிச் சக்கரமாக இருந்தால் உள்ளே டியூப் இருப்பதாகவே வைத்துக்கொள்ளுங்கள். காற்றழுத்தம் செயின் கவரிலோ சீட்டுக்கு அடியிலோ ஸ்டிக்கரில் இருக்கும். இந்த அளவு வண்டிகளுக்குத் தனியாள் என்றால் முன்னால் ஏறக்குறைய 29, பின்னால் 33 பிஎஸ்ஐ வரும். இரண்டு பேர் என்றால் பின்னால் இன்னும் கூடும்.

பிரேக் லீவர் கைப்பிடியைத் தொடும்வரை போனால் வேண்டாம். வண்டியை நகர்த்திக்கொண்டே முன், பின் பிரேக்கைத் தனித்தனியாகப் பிடித்துப் பாருங்கள்.

ஆயில். சென்டர் ஸ்டாண்ட் போட்டு, ஓடிய வண்டியென்றால் இரண்டு மூன்று நிமிடம் பொறுத்து, டிப்ஸ்டிக்கை (ஆயில் அளக்கும் குச்சி) எடுத்துத் துடைத்து, மீண்டும் வையுங்கள். பல சின்ன வண்டிகளில் மரையைத் திருகாமல் வெறுமனே வைத்துத்தான் அளக்க வேண்டும். இரு கோட்டுக்கும் நடுவே ஆயில் நின்றால் சரி. இந்த இன்ஜின்களில் மொத்தமே முக்கால் லிட்டர் முதல் ஒரு லிட்டர் வரைதான் ஆயில் இருக்கும். 200 மில்லி குறைந்தாலே நீண்ட ஏற்றத்தில் இன்ஜின் சூடேறும். பால் கலந்தது போல் வெளிறித் தெரிந்தால் உள்ளே தண்ணீர் போயிருக்கிறது. அந்த வண்டியை எடுக்காதீர்கள்.

செயின் வண்டியில், கீழ்ப்பகுதியின் நடுவில் விரலால் மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள். மொத்த ஆட்டம் 25 முதல் 35 மி.மீ. வரை இருக்கலாம். 50 மி.மீ. ஆடினால் குழியில் விழுந்து எழும்போது கழன்றுவிடும். கியர் இல்லாத ஸ்கூட்டரில் செயினுக்குப் பதில் பெல்ட். அதை வெளியிலிருந்து பார்க்க முடியாது. பல மாடல்களில் 20,000 முதல் 24,000 கி.மீ.க்கு ஒருமுறை மாற்ற வேண்டும். கிளம்பும்போது வண்டி உதறினாலோ, ரப்பர் தீய்ந்த வாடை வந்தாலோ அது பெல்ட்டின் முன்னறிவிப்பு.

கடைசியாக, வண்டியை அணைத்துச் சூடாக இருக்கும்போதே மீண்டும் ஸ்டார்ட் செய்யுங்கள். குளிர்ந்த நிலையில் கிளம்பி, சூடானதும் அடம்பிடிக்கும் வண்டிகள் உண்டு. கடை வாசலிலேயே தெரிந்துகொள்வது நல்லது.

பையில் என்ன இருக்க வேண்டும்

வாடகை வண்டிகளில் சீட்டுக்கு அடியில் இருக்க வேண்டிய கருவிகள் பெரும்பாலும் காணாமல் போயிருக்கும். ஒன்றரைக் கிலோவுக்குள் நீங்களே கட்டிக்கொள்ளலாம். 8, 10, 12, 14, 17, 19 எண் ஸ்பேனர்கள், இருபக்க ஸ்க்ரூடிரைவர், கட்டிங் பிளேயர், பிளக் ஸ்பேனர், இரண்டு டயர் லீவர், பேட்ச், பசை, உப்புத்தாள், டியூப்லெஸ் டயருக்கான ரப்பர் திரிகள், ஊசிகள், கைப் பம்ப். இவற்றோடு ஒரு புதிய பிளக், 10 மற்றும் 15 ஆம்பியர் ஃபியூஸ் இரண்டிரண்டு, இன்சுலேஷன் டேப், பத்து ஜிப் டை, ஒரு மீட்டர் கட்டுக்கம்பி, நெற்றியில் மாட்டும் டார்ச், பழந்துணி.

பிளக் ஸ்பேனர் வாங்கும்போது கவனம் தேவை. 10 மி.மீ. மரை கொண்ட பிளக்குக்கு 16 மி.மீ. ஸ்பேனர், 12 மி.மீ. மரைக்கு 18 மி.மீ. வண்டியைப் பார்த்த பிறகு வாங்குங்கள், அல்லது இரண்டையும் வைத்துக்கொள்ளுங்கள். பேட்டரியில் ஓடும் மின்பம்ப் வைத்திருந்தால், வண்டியை நியூட்ரலில் ஓடவிட்டுக்கொண்டே காற்று அடியுங்கள். 4, 5 ஆம்பியர்-அவர் பேட்டரியை ஒரு டயருக்காகக் காலி செய்துவிட்டால் பஞ்சர் சரியாகி, ஸ்டார்ட் நின்றுபோகும்.

ஓட்டும்போது

எந்தப் பக்கம் ஓட்டுவது என்ற குழப்பம் வண்டி எடுத்த முதல் நிமிடத்தில் வராது. அப்போது கவனமாகத்தான் இருப்பீர்கள். பெட்ரோல் போட்டுவிட்டோ சாப்பிட்டுவிட்டோ காலிச் சாலையில் ஏறும்போதுதான் பழக்கம் பழைய பக்கத்துக்கு இழுக்கும். வியட்நாம், கம்போடியா, லாவோஸ், பிலிப்பைன்ஸ் வலப்பக்கம். தாய்லாந்து, இந்தோனேசியா, மலேசியா, இலங்கை இடப்பக்கம். டேங்க் மூடியில் ஓர் அம்புக்குறி ஒட்டிவைத்தால் நல்ல பலன் தரும்.

பெட்ரோல் பங்க்கில் குழாயின் நிறத்தை நம்பக்கூடாது. ஐரோப்பாவில் பச்சை பெட்ரோல்; அமெரிக்காவில் பச்சைக் கைப்பிடி பல இடங்களில் டீசல். எழுத்தையும் எண்ணையும் படியுங்கள். 91 ஆக்டேன் இந்தச் சின்ன இன்ஜின்களுக்குப் போதும். தாய்லாந்தில் இ85 (எத்தனால் மிகுந்த எரிபொருள்) என்று எழுதியிருப்பதைச் சாதாரண வண்டியில் போடக் கூடாது. சாலையோரத்தில் பாட்டிலில் விற்கும் பெட்ரோல் அவசரத்துக்கு மட்டும், ஒரு லிட்டர் போதும். அடியில் தண்ணீர்க் குமிழ் உருளுகிறதா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். டேங்க் 4 முதல் 5 லிட்டர்தான். பாதி ஆனதும் நிரப்புங்கள். ஃபியூயல் இன்ஜெக்‌ஷன் வண்டியை வறளவிட்டால் டேங்க்குக்குள் இருக்கும் பம்ப் குளிர்ச்சி இல்லாமல் கெடும்.

இறக்கத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். கியர் வண்டியில் ஏறிய கியரிலேயே இறங்குங்கள். இன்ஜினே வேகத்தைப் பிடித்து வைக்கும். ஸ்கூட்டரில் ஆக்ஸிலேட்டரை முழுக்க விட்டு, வேகமும் குறைந்துவிட்டால் கிளட்ச் விலகி வண்டி சும்மா உருளத் தொடங்கும். பிறகு முழுப் பாரமும் பிரேக்கில்தான். அப்படி உணர்ந்தால் ஒரு நொடி லேசாக ஆக்ஸிலேட்டர் கொடுங்கள். கிளட்ச் மீண்டும் பிடித்துக்கொள்ளும், இன்ஜின் தடுப்பு திரும்ப வரும். பிரேக்கை லேசாக அழுத்தியபடியே கிலோமீட்டர் கணக்கில் இறங்காதீர்கள். நன்றாகப் பிடித்து, வேகத்தைக் குறைத்து, விட்டு, மீண்டும் பிடியுங்கள். விடும் நேரத்தில்தான் டிஸ்க் ஆறும். லீவர் பஞ்சு போல அமுங்கினால் பிரேக் ஆயில் கொதிக்கிறது என்று பொருள். உடனே ஓரம் கட்டி அரை மணி நேரம் ஆறவிடுங்கள். தண்ணீர் ஊற்றக் கூடாது. சூடான டிஸ்க் வளைந்துவிடும். ஆறியதும் லீவர் கெட்டியாகும், ஆனாலும் அன்றைக்கு மீதி இறக்கத்தை மெதுவாகவே முடியுங்கள்.

வண்டி நின்றதும்

வளைவிலோ மேட்டின் மறுபக்கத்திலோ நின்றிருந்தால் முதலில் அங்கிருந்து நகர்த்துங்கள். நிழல், தண்ணீர், போனில் எவ்வளவு சார்ஜ், மணி என்ன, இவற்றைப் பாருங்கள். பிறகு உங்களுக்கு நீங்களே 20 நிமிடக் கெடு வையுங்கள். அதற்குள் காரணம் தெரிந்துவிட்டால் வேலையைத் தொடரலாம். தெரியாவிட்டால் கருவியைக் கீழே வைத்துவிட்டு உதவி தேடும் வேலையைத் தொடங்குங்கள். இன்னும் ஒரு திருகு, இன்னும் ஒரு மூடி என்று கழற்றிக்கொண்டே போவதில்தான் பகல் கரைகிறது.

வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை

சுவிட்சுகளிலிருந்து தொடங்குங்கள். இன்ஜினை நிறுத்தும் சிவப்பு கில் சுவிட்ச் தெரியாமல் அணைந்திருக்கிறதா? சைடு ஸ்டாண்ட் முழுக்க மடங்கியிருக்கிறதா? சேறு பிடித்தால் அதன் சுவிட்ச் மாட்டிக்கொள்ளும். தண்ணீர் விட்டுக் கழுவி, நாலைந்து முறை மடக்கி விரியுங்கள். ஸ்கூட்டரில் பிரேக்கைப் பிடித்தால்தான் செல்ஃப் எடுக்கும். பிரேக் பிடிக்கும்போது பின் விளக்கு எரியவில்லை என்றால் அந்த லீவர் சுவிட்சில் கோளாறு, மற்ற லீவரைப் பிடித்துப் பாருங்கள். சாவி இல்லாமல் ஓடும் வண்டியில், கையிலிருக்கும் ரிமோட்டின் பட்டன் பேட்டரி தீர்ந்திருக்கலாம்.

செல்ஃப் அழுத்தினால் ‘டக்’ என்று மட்டும் சத்தம் வந்தால் பேட்டரி. முதலில் அதன் முனைத் திருகுகளை இறுக்குங்கள். குலுங்கும் சாலையில் அவை தளர்வது சகஜம். எதுவுமே எரியாவிட்டால் ஃபியூஸ். அதே ஆம்பியரில் மாற்றுங்கள். மாற்றியதும் மீண்டும் எரிந்துபோனால் எங்கோ வயர் உரசுகிறது; ஹேண்டில் திரும்பும் இடத்திலும் சீட்டுக்கு அடியிலும் தேடி, டேப் சுற்றுங்கள். ஃபியூஸுக்குப் பதில் கம்பி வைப்பது வண்டியை எரிக்கும் வேலை. கியர் வண்டியைத் தள்ளி இரண்டாவது கியரில் ஸ்டார்ட் செய்யலாம். ஆனால் ஃபியூயல் இன்ஜெக்‌ஷன் வண்டியில் பேட்டரி முழுச் செத்திருந்தால் பம்ப் ஓடாது, தள்ளியும் பயனிருக்காது. ஸ்கூட்டரைத் தள்ளி ஸ்டார்ட் செய்யவே முடியாது. கிக்கர் இருந்தால் உதைக்கலாம்.

செல்ஃப் நன்றாகச் சுற்றுகிறது, ஆனால் பிடிக்கவில்லை என்றால் பெட்ரோலா, பொறியா என்று பிரிக்க வேண்டும். இன்ஜெக்‌ஷன் வண்டியில் சாவியைப் போட்டதும் இரண்டு நொடி ‘ஊம்ம்’ என்று பம்ப் சத்தம் கேட்கும். கேட்காவிட்டால் ஃபியூஸ், பேட்டரி, பம்ப் என்ற வரிசையில் சந்தேகப்படுங்கள். சத்தம் கேட்டால் பிளக்கைக் கழற்றுங்கள்; இன்ஜின் ஆறிய பிறகுதான், மரை அலுமினியம் என்பதால் சூட்டில் பிய்ந்துவரும். பிளக் நிறைய விஷயம் சொல்லும். பெட்ரோலில் நனைந்திருந்தால் பெட்ரோல் வருகிறது, பொறி இல்லை அல்லது அளவுக்கு மீறி நனைந்திருக்கிறது. எலும்பாகக் காய்ந்திருந்தால் பெட்ரோலே வரவில்லை. கரி பூசியது போலிருந்தால் ஏர் ஃபில்டர் அடைத்திருக்கிறது. நனைந்த பிளக்கைத் துடைத்துக் காயவைத்து மாட்டி, ஆக்ஸிலேட்டரை முழுக்கத் திறந்தபடி ஐந்து நொடி செல்ஃப் கொடுங்கள்; உள்ளே தேங்கிய பெட்ரோல் வெளியேறிப் பிடித்துக்கொள்ளும்.

பொறி வருகிறதா என்று பார்க்க, பிளக்கை அதன் தொப்பியில் மாட்டி, உலோக உடல் இன்ஜினைத் தொடும்படி, பிளக் துளையிலிருந்து தள்ளி வைத்துச் செல்ஃப் கொடுங்கள். ரப்பர் தொப்பியைப் பிளேயரால் பிடியுங்கள். கையால் பிடித்தால் ஷாக் அடிக்கும். நீலப் பொறி நல்லது. மஞ்சளாக, மெலிந்து வந்தால் புதிய பிளக் போடுங்கள். மழையில் நின்ற வண்டி என்றால் பிளக் தொப்பிக்குள் தண்ணீர் இருக்கும். துணியால் துடைத்தாலே பாதி வண்டிகள் ஓடிவிடும். மீண்டும் மாட்டும்போது முதலில் கையால் திருகுங்கள். ஸ்பேனரால் கோணலாக ஏற்றினால் சிலிண்டர் ஹெட்டின் மரை போய்விடும், அது பெரிய செலவு.

கார்புரேட்டர் வண்டி நன்றாக ஓடிக்கொண்டிருந்து, திணறி நின்று, பத்து நிமிடம் கழித்துத் தானாகவே ஸ்டார்ட் ஆகி, மறுபடி நின்றால் டேங்க் மூடியைத் திறந்து பாருங்கள். ‘உஸ்’ என்று காற்று உள்ளே இழுக்கப்பட்டால் மூடியின் காற்றுத்துளை அடைத்திருக்கிறது. மூடியைத் தளர்த்தி ஓட்டலாம். மட்டமான பெட்ரோல் போட்ட பிறகு திணறினால் கார்புரேட்டரின் அடியில் உள்ள சின்னத் திருகைத் தளர்த்தி, ஒரு பாட்டில் மூடியில் பிடியுங்கள். பெட்ரோலுக்கு அடியில் முத்து முத்தாக நிற்பது தண்ணீர். சுத்தமான பெட்ரோல் வரும்வரை விட்டு, திருகை மூடுங்கள்.

வெள்ளத்தில் இறங்கி நின்ற வண்டிக்குச் செல்ஃப் கொடுக்கவே கூடாது. சிலிண்டருக்குள் தண்ணீர் இருந்தால் பிஸ்டனோடு இணைந்த கனெக்டிங் ராடு வளையும். பிளக்கைக் கழற்றி, சுவிட்சை அணைத்து, கிக்கரையோ சக்கரத்தையோ மெல்லச் சுழற்றித் தண்ணீரை வெளியேற்றுங்கள். பிறகு ஏர் ஃபில்டரையும் ஆயிலையும் பாருங்கள். ஆயில் வெளிறியிருந்தால் மாற்றும்வரை ஓட்ட வேண்டாம்.

பஞ்சர்

பின்சக்கரம் வாலாட்டுவது போல் உணர்ந்தால் ஆக்ஸிலேட்டரை விட்டு, பின் பிரேக்கைத் தொடாமல் நேராக வந்து நில்லுங்கள். காற்றில்லாமல் ஓட்டினால் டயர் ரிம்மில் நழுவி டியூப்பின் வால்வு அடியோடு பிய்ந்துவிடும். ஒட்டக்கூடிய பஞ்சர் அப்போது டியூப் மாற்றும் வேலையாகிவிடும்.

டியூப்லெஸ் என்றால் ஆணியைப் பிடுங்கும் முன் அது எந்தச் சாய்வில் இறங்கியிருக்கிறது என்று பாருங்கள். துளையைச் சீவும் ஊசியும் அதே சாய்வில் போக வேண்டும். பசை தடவிய திரியைக் காதுள்ள ஊசியில் நடுவாகக் கோத்து, வெளியே ஒரு சென்டிமீட்டர் நிற்கும்வரை அழுத்தி, ஒரே இழுப்பில் ஊசியை எடுங்கள். நுனியை வெட்டி, காற்றடித்து, எச்சிலோ சோப்புத் தண்ணீரோ தடவிக் குமிழ் வருகிறதா என்று பாருங்கள். பக்கச் சுவரில் ஓட்டை என்றால் திரி நிற்காது.

டியூப் வண்டியில் சக்கரத்தைக் கழற்றாமலேயே ஒட்டலாம், அதுதான் சுலபமும். சென்டர் ஸ்டாண்ட் போட்டு, சக்கரத்தை மெல்லச் சுற்றி ஆணியோ முள்ளோ தெரிகிறதா என்று தேடி, அந்த இடத்தில் சாக்பீஸ் குறி வையுங்கள். வால்வு ஊசியைக் கழற்றி மீதிக் காற்றை விட்டு, வால்வு நட்டையும் எடுங்கள். டயரின் ஒரு பக்க ஓரத்தைக் குதிகாலால் மிதித்து ரிம்மிலிருந்து பிரியுங்கள். இரண்டு லீவரைப் பத்து சென்டிமீட்டர் இடைவெளியில் நுழைத்து அந்த ஓரத்தை வெளியே எடுத்து, குறி வைத்த இடத்தில் டியூப்பை இழுங்கள். கொஞ்சம் காற்றடித்துக் கன்னத்தருகே கொண்டுபோனால் காற்று படுவது தெரியும்.

ஓட்டையைச் சுற்றி பேட்ச்சைவிடச் சற்று அகலமாக உப்புத்தாளால் தேயுங்கள். பளபளப்பு போய்ச் சாம்பல் நிறமாக வேண்டும். பசையை மெல்லியதாகத் தடவி ஐந்து நிமிடம் விடுங்கள். பலரும் அவசரப்படுவது இங்கேதான்: ஈரப்பசையில் ஒட்டிய பேட்ச் பத்து கிலோமீட்டரில் கழன்றுவிடும். விரலால் தொட்டால் ஒட்டாமல், லேசாகப் பிடித்தும் பிடிக்காததுமாக இருக்கும்போது பேட்ச்சை வைத்து, ஸ்பேனர் பிடியால் நடுவிலிருந்து ஓரத்துக்கு அழுத்தித் தேயுங்கள்.

உள்ளே டயரைத் துணியால் துடையுங்கள், வெறும் விரலால் வேண்டாம். முள் இருந்தால் துணியில் மாட்டும். டியூப் உருவம் பெறும் அளவுக்கு மட்டும் காற்றடித்து உள்ளே செருகுங்கள். டயர் ஓரத்தை வால்வுக்கு எதிர்ப்பக்கத்தில் தொடங்கி, வால்வு இருக்கும் இடத்தில் முடியுங்கள். கடைசிப் பகுதி இறுகினால் லீவரில் பலம் கொடுக்காமல், எதிர்ப்பக்க ஓரத்தை மிதித்து ரிம்மின் நடுக்குழிக்குள் தள்ளுங்கள். இந்தப் பக்கம் தானாகத் தளரும். லீவர் நுனி டியூப்பைக் கடித்துவிட்டால் இரண்டாவது பஞ்சர் உங்கள் கையால் போட்டது. வால்வை ஒருமுறை உள்ளே அழுத்திவிட்டு, காற்றடியுங்கள்.

கடை அருகில் இருந்தால் இதெல்லாம் வேண்டாம். சாலையோரம் தொங்கும் பழைய டயர் பல நாடுகளில் பஞ்சர் கடையின் அடையாளம். இந்தோனேசியாவில் ‘தம்பல் பான்’, வியட்நாமில் ‘வா செ’, பிலிப்பைன்ஸில் ‘வல்கனைசிங்’ என்று கேட்டால் கை காட்டுவார்கள்.

செயின், கேபிள், பெல்ட்

கழன்ற செயினை மாட்ட, பின் ஆக்ஸில் நட்டைத் தளர்த்திச் சக்கரத்தை முன்னே தள்ளி, செயினைப் பல்லில் ஏற்றி, இருபக்க அடையாளக் கோடும் சமமாக வரும்படி இழுத்து இறுக்குங்கள். இணைப்புக் கண்ணியின் கிளிப்பில் மூடிய முனை செயின் ஓடும் திசையைப் பார்க்க வேண்டும். திருப்பிப் போட்டால் கல் தட்டிக் கழன்றுவிடும். அதிகமாக இறுக்குவதும் கெடுதல், பேரிங்கைத் தின்றுவிடும்.

கிளட்ச் கேபிள் அறுந்தால் நியூட்ரலில் ஸ்டார்ட் செய்து, நடைவேகத்துக்குத் தள்ளி, முதல் கியரைத் தட்டுங்கள். ஓடும்போது ஆக்ஸிலேட்டரை ஒரு கணம் விட்டுக் கியர் மாற்றலாம். நெரிசலான ஊருக்குள் இப்படி நுழையாதீர்கள். ஆக்ஸிலேட்டர் ஏறிய நிலையில் மாட்டிக்கொண்டால் யோசிக்காமல் கில் சுவிட்ச்.

ஸ்கூட்டரில் இன்ஜின் இரைகிறது, சக்கரம் சுற்றவில்லை என்றால் பெல்ட் அறுந்துவிட்டது. அது சாலையோர வேலை அல்ல. வண்டியை ஏற்றிச்செல்ல ஆள் தேடுங்கள்.

உதவி கேட்பதும் வண்டியை ஏற்றுவதும்

கழற்றத் தொடங்கும் முன் கடைக்காரருக்குப் பத்து நொடி வீடியோ அனுப்புங்கள். செல்ஃப் கொடுக்கும் சத்தம் அதில் கேட்க வேண்டும். இருக்கும் இடத்தையும் அனுப்பி, செலவுக்குச் சம்மதத்தை எழுத்தில் வாங்குங்கள். மெக்கானிக்கிடம் மொழி வேண்டியதில்லை: கோளாறை நடத்திக் காட்டுங்கள், போனின் கால்குலேட்டரை நீட்டி விலை கேளுங்கள், தலையாட்டிய பிறகு வேலை தொடங்கட்டும். கழற்றிய பழைய பாகத்தைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். பில் இல்லாத இடத்தில் அதுதான் சாட்சி.

கயிறு கட்டி இன்னொரு பைக்கால் இழுக்க விடாதீர்கள். கயிறு முன்சக்கரத்தில் சுற்றினால் ஆள் பறப்பார். பிக்கப் வண்டியில் ஏற்றுவதென்றால் முன்சக்கரம் முன் பலகையில் முட்டி நிற்க, ஹேண்டிலுக்குக் கீழே ஃபோர்க்கில் இருபக்கமும் கயிறு போட்டு, சஸ்பென்ஷன் பாதி அமுங்கும்வரை இழுத்துக் கட்டுங்கள். சைடு ஸ்டாண்டில் நிறுத்திக் கட்டினால் முதல் வளைவிலேயே சாயும். கார்புரேட்டர் வண்டியில் பெட்ரோல் குழாயை மூடுங்கள்.

சைலன்சரில் கால் சுட்டுக்கொள்வது மிகச் சாதாரணம். பல சின்ன வண்டிகளில் சைலன்சர் வலப்பக்கம். ஏறுவதும் இறங்குவதும் இடப்பக்கம் இருக்கட்டும். சுட்டுவிட்டால் ஓடும் குளிர்ந்த தண்ணீரில் 20 நிமிடம் காட்டுங்கள். ஐஸ், பற்பசை எதுவும் வேண்டாம். விழுந்து அடிபட்டால் வண்டியை மறந்து அவசர எண்ணை அழையுங்கள்: ஐரோப்பா முழுக்க 112, வியட்நாமில் ஆம்புலன்ஸ் 115, தாய்லாந்தில் 1669, அங்கேயே சுற்றுலாக் காவல் 1155. போகும் நாட்டின் எண்ணைக் கிளம்பும் முன் போனில் பதிந்து வையுங்கள்.

வண்டியைத் திருப்பிக் கொடுக்கும்போது நேர்ந்த பழுதையும் போட்ட பேட்ச்சையும் கடைக்காரரிடம் சொல்லிவிடுங்கள். அடுத்து எடுப்பவர் அதே டயரில்தான் மலை ஏறப்போகிறார். எடுத்தபோது செய்ததைப் போலவே சுற்றி வந்து வீடியோ எடுத்து, முன்பணத்தை எண்ணி வாங்கிக்கொள்ளுங்கள்.